எந்திரம் அடங்கும் வரை

மேனேஜருக்கு எல்லாம் வரும், வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும் வராது. யாரைப் பார்த்துக் கேட்ட கேள்வியானாலும் பதில் அவரிடமிருந்துதான் புறப்படும். டாக்டர் மனைவியைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால், இடது பக்கம்தான் டாக்டர், ராத்திரியில ஜாஸ்தி என்று இவர் சொல்வார். அவளுக்கு வலி வலது பக்கம் இருக்கும். அவளும் பேசாமல் இடது பக்கத்துக்கான மருந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊரில் ஒரு பெயிண்ட் கம்பெனிக் கிடங்கில் வருஷக்கணக்காக மேனேஜராக இருந்தவர். கம்பெனி கிடங்கை இழுத்து மூடியது. வேலை போனது, பட்டம் போகவில்லை. மைத்துனரிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான். நாற்பத்தைந்து வயதில் இன்னொரு கிடங்குக்குப் போய் இளவட்டப் பையன்கள் முன்னால் கைகட்டி நிற்க அவருக்கு மனமில்லை. மகளைப் பெரிய படிப்புப் படிக்க வைக்க வேண்டும், அதற்கு வெளிநாடுதான் சரி என்று ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே முடிவு செய்துவிட்டார்.

விசா வேலைக்கு அங்கே பிடித்த வக்கீல் நம்ம பாஷைக்காரர். எதையும் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறவர். தொழில் செய்ய வருகிறவர்களுக்கு இந்த நாட்டில் மூன்று வழி இருக்கிறது என்று முதலில் வீடியோவில் விளக்கினார். முதல் வழியில், அரசாங்கம் காட்டுகிற இடத்தில் பெரிய தொகையைப் போட்டுவிட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவதற்கு யாருக்கும் தோன்றாத புதுத் தொழில் யோசனை ஒன்று வேண்டும். விஷயம் தெரிந்த ஒரு குழு அதைக் கேட்டுப் பார்த்து, நல்ல யோசனைதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, நடக்கிற சின்னக் கடை ஒன்றை வாங்கித் தானே நின்று நடத்துவது. உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேருக்காவது வேலை கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு விசா. அப்புறம் நேரில் வந்து பார்ப்பார்கள், திருப்தியானால் நீட்டிப்பார்கள், அதற்கப்புறம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

"மொதல் வழி பணக்காரனுக்கு, ரெண்டாவது மூளைக்காரனுக்கு. மூணாவதுதான் சார் நம்மளுக்கு," என்றார் மேனேஜர்.

மூன்றாவது வழியில் ஒரு முடிச்சு இருந்தது. பணம் போடுகிற ஆளும் நடத்துகிற ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும். அந்த ஆளுக்குத் தொழில் நடத்திய அனுபவம் வேண்டும், உள்ளூர் மொழித் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும். மேனேஜர் தேர்வை இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் காதில் மாட்டிய கருவி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். மனைவி ஒரே தடவையில் தேறிவிட்டாள். விற்பதற்கு இருந்த மனையும் அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தது. தொழில் அனுபவமும் அவளுக்குத்தான் இருந்தது. நாலு பெண்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதெல்லாம் ஒரு தொழிலா, வீட்டில் பொழுது போகாமல் தைக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வந்த மேனேஜர், வக்கீல் அதைத் தாளில் ஏற்றியபோது ஒன்றும் பேசவில்லை.

ஆக, காகிதத்தில் அவள் முதலீட்டாளர், கடைக்கு முதலாளி. மேனேஜர் அவளைச் சார்ந்து வாழ்பவர். அந்த வார்த்தையை வக்கீல் படித்துக் காட்டியபோது மேனேஜர் சிரித்தார். "கலெக்டர் பொண்டாட்டி மாதிரி ஆயிட்டேன்," என்று எல்லோரிடமும் வேடிக்கையாகச் சொன்னார். ஆனால் அது வேடிக்கையாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். உள்ளங்காலில் முள் ஏறின மாதிரி, நடக்கும்போதெல்லாம் அது அங்கே இருந்தது.

விசா வந்து, மனை விற்ற பணத்தில் வாங்கியது ஒரு சலவைக்கடை. ஒரு பக்கம் மருந்துக்கடை, மறுபக்கம் செல்போன் ரிப்பேர் கடை, எதிரே பஸ் நிறுத்தம். கடையின் முன்பக்கம் முழுக்கக் குளிருக்காகப் போட்ட தடித்த இரட்டைக் கண்ணாடி. கதவைத் திறந்தால் மேலே ஒரு மணி கிணுகிணுக்கும். உள்ளே கவுண்டர், அதன் பின்னால் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கும் கோட்டுகளும் சட்டைகளும், வலது ஓரம் இஸ்திரி மேஜை, கடைசியில் எந்திரங்கள். மாடியில் வீடு. வீட்டுக்குப் பக்கவாட்டில் தனிப் படிக்கட்டு இருந்தாலும் மகள் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்குள்தான் வருவாள். மடித்து அடுக்கிய விரிப்புகளின் சூட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அம்மா ஊற்றிக் கொடுக்கிற டீயைக் குடித்தபடி வீட்டுப்பாடம் எழுதுவாள்.

சலவை வேலை வெளியிலிருந்து பார்க்கத்தான் வெள்ளை வேலை. காலையில் ஹோட்டலிலிருந்து விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். யார் யாரோ படுத்தது, சிந்தியது, துடைத்தது எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் பிரிக்க வேண்டும். உதட்டுச்சாயம் பட்ட தலையணை உறை தனி, ஒயின் கொட்டிய மேஜைத்துணி தனி. கறைக்கு மருந்து தடவி ஊறப்போட்டு, தேய்த்து, எந்திரத்தில் போட்டு எடுத்து, உலர்த்தி, நீராவியில் இஸ்திரி போட்டு மடிக்க வேண்டும். குளிர்காலத்தில் கடைக்குள் நீராவி கதகதப்பாக இருக்கும், வெயில் காலத்தில் அதே நீராவி உயிரை வாங்கும். மனைவியின் விரல் நுனிகள் வெடித்து, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவாமல் அவளால் தூங்க முடியாமல் போனது. இஸ்திரிக்கு ஓர் உள்ளூர்ப் பெண்மணி. அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. வீட்டில் அவளை இஸ்திரிக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். துணி ஏற்றி இறக்க வேன் ஓட்டும் கிழவர் ஒருவர். அவர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

கவுண்டர் மேனேஜருடையது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் வாயால் கடைக்கு ஆள் சேர்ந்தது. தேர்வில் தேறாத அதே மொழியைத் தப்பும் தவறுமாக, சத்தமாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசினார். யார் வீட்டு நாய்க்கு என்ன சீக்கு, யாருடைய முழங்காலுக்கு எப்போது ஆபரேஷன் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. ஹோட்டலுக்கு என்ன விலை சொல்வது, எந்த மருந்தை எவனிடம் வாங்குவது, யாருக்கு எப்போது லீவு விடுவது என்பதையெல்லாம் மனைவி முடிவு செய்வாள். அவள் ராத்திரி சமையலறையில் சொன்னதை மறுநாள் காலை அவர் கவுண்டரில் நின்று அறிவிப்பார். அறிவிக்க அறிவிக்க அது அவருடைய முடிவாகவே ஆகிவிடும்.

"யாரு என்ன கேட்டாலும் என்கிட்ட அனுப்பு," என்று முதல் மாதமே சொல்லிவைத்திருந்தார். அவளுக்கும் அது பழகிவிட்டது. அவர் இல்லாத நேரத்தில் கவுண்டரில் நின்று நன்றாகத்தான் பேசுவாள். மணி கிணுகிணுத்து அவர் உள்ளே வந்துவிட்டால், பாதிப் பேச்சில் இருந்தாலும் இடது பக்கம் ஓரடி ஒதுங்கி இடம் விடுவாள்.

எந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய முதலாளி விட்டுப்போன பெரிய எந்திரம் அது. துவைக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். துணியைப் பிழிய வேகமெடுக்கும்போதுதான் அதற்குப் பேய் பிடிக்கும். தரை அதிரும், கம்பியில் தொங்கும் ஹேங்கர்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும், காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. நாலைந்து நிமிடம் அந்த ஆட்டம். இதனால் கடையில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எந்திரம் வேகமெடுத்தால் யாராக இருந்தாலும் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு நிற்பார்கள். அடங்கியதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். இஸ்திரிக்காரம்மா இதில் கெட்டிக்காரி. 'என் மருமகள் நேற்று' என்று நிறுத்தினால், எந்திரம் அடங்கியதும் 'மறுபடியும் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்' என்று அதே சுருதியில் எடுப்பாள். வாடிக்கைக்காரர்களுக்கும் இது தெரியும். பில்லை நீட்டியபடி அவர்களும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. மகள் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தை எட்டிப்பிடிக்கப் போகிற நேரம். விசா நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், அதிகாரி கடையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வக்கீல் மூன்று பேரையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்.

கடை எப்போதும் போல ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எந்திரத்தை நிறுத்தக் கூடாது, வேலையாட்கள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், அவங்க மேடம்கிட்டதான் கேப்பாங்க. மேடம்தான் பதில் சொல்லணும். அன்னிக்கு நீங்க கடைப்பக்கமே வராதீங்க."

"ஏன் சார், நான் என்ன திருட்டுத்தனமா பண்றேன்?"

"திருட்டுத்தனம் இல்ல சார். நீங்க இருந்தா நீங்க பேசுவீங்க."

மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். மனைவி கைப்பையின் பட்டையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள். மேனேஜரும் சிரித்து, உதட்டில் பூட்டுப் போடுவது போல விரலைத் திருகிக் காட்டினார்.

அதிகாரி வருகிற அன்று காலையிலிருந்தே தூறல். மனைவி பெட்டிக்குள்ளிருந்து ஒரு நல்ல சட்டையை எடுத்து, தன் கையாலேயே இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டிருந்தாள். அவருக்கு ரொட்டியும் முட்டையும் வைத்தாள். "நீங்க லைப்ரரிக்குப் போயி உட்காந்திருங்க. முடிஞ்சதும் நானே போன் பண்றேன்," என்றாள். குடையை எடுத்துக் கையில் கொடுத்ததும் அவள்தான்.

மேனேஜர் லைப்ரரிப் பக்கம்தான் நடந்தார். தெருமுனை வரை போனார். அங்கே நின்று, ஒரு சிகரெட் பிடிக்கலாமா என்று யோசித்து, பிடிப்பதை விட்டு வருஷமாகிறது என்று ஞாபகம் வந்து, திரும்பினார். கடைக்குள் போகக் கூடாது என்றுதானே சொன்னார்கள், எதிரே நிற்கக் கூடாது என்று சொல்லவில்லையே என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

அதிகாரி சின்னப் பெண். மழைக்கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கவுண்டர் முன்னால் நின்றாள். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. மனைவி பேசினாள். கையை நீட்டி எதையோ காட்டினாள். இருவரும் எந்திரங்கள் வரை போய்த் திரும்பினார்கள். மனைவி ஏதோ சொல்ல அதிகாரி சிரித்தாள், இஸ்திரிக்காரம்மாவும் சிரித்தாள். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர். அப்படி நினைக்கும்போதே உள்ளே ஏதோ ஒரு மூலை சுருங்கியது. தான் இல்லாமல் இவ்வளவு நன்றாக நடக்கிறதே என்று ஒரு மனத்தாங்கல். அதை அவர் அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

நடுவில் ஒரு பஸ் வந்து நின்று கடையை மறைத்தது. அது நகர்ந்தபோது உள்ளே காட்சி மாறியிருந்தது. அதிகாரி பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் பார்வை எங்கேயோ கடையின் பின்பக்கம் இருந்தது. இஸ்திரிக்காரம்மாவும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

மேனேஜர் காத்திருந்தார். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று பார்த்தார். அவள் சொல்லவில்லை. போச்சு, மாட்டிக்கிட்டா என்று நினைத்தார். மகள் முகம் கண்ணில் வந்தது. மூன்று வருஷ உழைப்பு, விற்ற மனை, எல்லாம் அந்த மூடிய வாயில் போய் நிற்பதாகத் தோன்றியது. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் சாலையில் இறங்கினார். வரிசையாகக் கார்கள் வந்தன. அவை போகிற வரை நடுவில் நின்றார். ஈரத்தோடு போய்க் கதவைத் திறந்தார். மணி கிணுகிணுத்தது. கடை அமைதியாக இருந்தது. மனைவி அப்போதுதான் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன கேட்டீங்க?" என்றார் மேனேஜர்.

அதிகாரி அவரைப் பார்த்தாள். மரியாதையாகவே திருப்பிச் சொன்னாள். உங்கள் வேலையில் பாதிக்கு மேல் ஒரே ஹோட்டலிலிருந்து வருகிறது, அந்த ஹோட்டல் நாளைக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று இவரிடம் கேட்டேன் என்றாள்.

மேனேஜருக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா. தன் உடைந்த மொழியில், சத்தமாக, சிரித்த முகமாகச் சொன்னார்: "அதுக்கெல்லாம் இவங்க கவலைப்பட வேண்டியதில்ல. அதை நான் பாத்துக்குவேன்."

ஹோட்டலில் கொள்முதல் பார்க்கிறவர் தனக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதையும் விளக்கினார். நீங்கள் யார் என்று கேட்டாள் அதிகாரி. இவருடைய கணவர், எல்லோரும் என்னை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றார். பேசிக்கொண்டே கவுண்டருக்குப் பின்னால் போய்விட்டிருந்தார். மனைவி இடது பக்கம் ஒதுங்கி நின்றிருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்து, இவர் சொல்வது சரிதானா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்று மேனேஜரே தலையாட்டினார். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினாள். நன்றி சொல்லி மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

"நல்லவேளை வந்தேன்," என்று மேனேஜர் கைக்குட்டையால் தலையைத் துவட்டினார்.

மனைவி பின்னால் போய் எந்திரத்தின் கதவைத் திறந்து, பிழிந்து கிடந்த விரிப்புகளை அள்ளி அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். நீட்டிப்பு மறுக்கப்பட்டுவிட்டது. பணம் போட்டவர் தொழிலைத் தானே நடத்துவதாகத் தெரியவில்லை, கணவரே நடத்துகிறார், முடிவெடுக்க வேண்டிய கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், விண்ணப்பதாரர் விலகி நின்றார் என்று காரணம் எழுதியிருந்தார்கள். வக்கீல் மேனேஜரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மறுபடியும் விரல் விட்டு எண்ணினார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் மேனேஜர் தன் வாயாலேயே சொன்னதை வைத்து எழுதியிருப்பதால் நிற்காது. பெரிய தொகை வழிக்குப் பணம் இல்லை. புது யோசனை வழிக்குச் சலவைக்கடை ஆகாது. ஊருக்குத் திரும்பி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம், ஆனால் மறுப்பு ஒன்று பேரில் ஏறிவிட்டது. எண்ண வேண்டிய விரல்கள் தீர்ந்ததும் கையை மேஜை மேல் வைத்துக்கொண்டார். கோடைக்குள் கிளம்ப வேண்டியிருக்கும் என்றார்.

பஸ்ஸில் வரும்போது மேனேஜர் மறுப்புக் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். பாதி வழியில் தாங்க முடியவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் உள்ள வரப்போறேன்? கேட்ட கேள்விக்கு மரம் மாதிரி நின்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் சொன்ன அந்த வாக்கியமே மேனேஜருக்கு ஒரு பிடிமானம் கொடுத்தது. மூழ்குகிறவனுக்குக் கிடைத்த கட்டையாக அதை விடாமல் பிடித்துக்கொண்டார். செல்போன் கடைக்காரனிடம் சொன்னார். மைத்துனரிடம் போனில் சொன்னார்: "உங்க தங்கச்சி வாயே திறக்கல மச்சான். நான் எதிர்ல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தேன். கடைசி நேரத்துல ஓடிப்போயி நான்தான் சமாளிச்சேன். அதுக்குள்ள அந்தப் பொண்ணு மனசுல முடிவு பண்ணிட்டா." சொல்லச் சொல்ல அது கெட்டிப்பட்டது. சமாளிக்கப் போனவர் என்கிற இடத்தில் அவரே தன்னை நிறுத்திக்கொண்டார்.

மகளிடமும் அதையே சொன்னார். அவள் அழுதாள். இங்கேதான் அவளுடைய தோழிகள், இங்கேதான் அவள் படிக்க நினைத்திருந்த கல்லூரி. இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம் கேட்டாள்.

"உனக்குப் பதில் தெரியாத கேள்வியாம்மா அது?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சும்மா நின்ன?"

அம்மா மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மகளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மகள் அதைத் தொடாமல் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் கடைக்குள் வருவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிப் பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறி நேரே மாடிக்குப் போய்விடுவாள். மனைவி ஊற்றி வைத்த டீ ஆடை கட்டிப்போகும். நாலு நாள் பார்த்துவிட்டு டீ போடுவதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

கடையை மூட வேண்டிய வாரமும் வந்தது. செல்போன் கடைக்காரன் இடத்தை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான், எந்திரத்தை ஒரு பழைய சாமான் வியாபாரி பேசி முடித்திருந்தான். வேன்காரர் வேறிடம் பார்த்துக்கொண்டார். ஹோட்டல் கடைசி மூட்டைகளை அனுப்பியிருந்தது. இஸ்திரிக்காரம்மா மட்டும் கடைசி வரை வருவேன் என்று வந்துகொண்டிருந்தாள். மேனேஜர் அன்று வியாபாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வானம் மூடியிருந்தது. சாலையைக் கடக்க நின்றபோது கண்ணாடிக்குள் பார்த்தார்.

மனைவியும் இஸ்திரிக்காரம்மாவும் ஒரு விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இருவர் வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது. மனைவி பின்பக்கம் பார்த்தாள். இஸ்திரிக்காரம்மா விரிப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. கார்கள் போய்க்கொண்டிருந்தன, பக்கத்தில் யாரோ இருமினார்கள். கண்ணாடிக்குள் இரண்டு பெண்களும் வாய்க்குள் வார்த்தையை வைத்துக்கொண்டு நின்றார்கள். கம்பியில் ஹேங்கர்கள் நடுங்குவதை மேனேஜர் பார்த்தார்.

கையில் இருந்த பை கனத்தது. அவர் கடக்கவில்லை. சாலை காலியானது, மறுபடி நிறைந்தது, மறுபடி காலியானது. அப்புறம் ஹேங்கர்கள் நின்றன. இஸ்திரிக்காரம்மா விட்ட இடத்திலிருந்து ஏதோ சொன்னாள், மனைவி சிரித்தாள். விரிப்பை மடித்தார்கள்.

தினமும் காதால் கேட்டுக்கொண்டிருந்த ஒன்று, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றதால் அன்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. மூன்று வருஷம் அந்தக் கடையில் நின்ற மனிதர். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவைத் திறந்தார். மணி கிணுகிணுத்தது. கவுண்டரில் யாரும் இல்லை, வாடிக்கைக்காரர்களும் இல்லை. இருந்தாலும் மனைவி மடித்த விரிப்போடு இடது பக்கம் ஒதுங்கினாள். அதைப் பார்த்ததும் அவர் கவுண்டருக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"அன்னிக்கு... அந்தப் பொண்ணு வந்தப்போ, எந்திரம் சுத்திட்டு இருந்துச்சா?"

அவள் விரிப்பை அடுக்கில் வைத்து ஓரங்களைச் சரிசெய்தாள்.

"ஆமா."

"அதனாலதான் பேசாம நின்னியா?"

"கேள்வி கேட்டு முடிக்கவும் அது ஆரம்பிக்கவும் சரியா இருந்துச்சு. கொஞ்சம் இருங்கன்னு கையைக் காட்டினேன். அந்தப் பொண்ணும் சரின்னு தலையாட்டிச்சு. அடங்கினதும் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். நீங்க வந்துட்டீங்க."

"என்ன சொல்ல இருந்த?"

"ரெண்டு கிளினிக்ல பேசி வெச்சிருந்தேன்ல, கோட்டு, பெட்ஷீட் எல்லாம் நமக்குக் குடுக்கிறதா சொல்லியிருந்தாங்க. அதைச் சொல்லலாம்னு இருந்தேன்."

மேனேஜருக்கு அது ஞாபகம் இருந்தது. சமையலறையில் சொல்லியிருந்தாள். அவர் டிவி பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருந்தார்.

"இத்தனை நாளா ஏன்மா சொல்லல? ஊர் பூரா உன்னையத்தானே சொல்லிட்டிருந்தேன்."

"நீங்க கேக்கலையே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். இஸ்திரிக்காரம்மாவுக்குப் பாஷை புரியவில்லை, ஆனால் ஏதோ புரிந்து இஸ்திரி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்களை மட்டும் சொல்லி என்ன," என்றாள் மனைவி. "அந்தப் பொண்ணு என் முகத்தைத்தான் பாத்துட்டிருந்துச்சு. நான் அங்கேயே நின்னிருக்கலாம். நீங்க வந்ததும் காலு தானா நகந்துருச்சு. ராத்திரி படுத்தா அதுதான் வருது. ஏன் நகந்தேன், ஏன் நகந்தேன்னு."

மேனேஜர் கையிலிருந்த பையைக் கவுண்டர் மேல் வைத்தார்.   நகரப் பழக்கியது நான்தான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அது வாயில் வரவில்லை.

"எனக்கு ஒண்ணு செய்யுங்க," என்றாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடுங்க. அம்மா எந்திரம் அடங்கத்தான் காத்துட்டிருந்தாங்கன்னு. நான் சொன்னா அப்பா மேல பழி போடுறேன்னு நெனைப்பா."

"சொல்றேன்."

"நான் இருக்கும்போதே சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். எதிரே மகளின் பஸ் வந்து நின்றது. அவள் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு இறங்கிச் சாலையைக் கடந்து, வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். மேனேஜர் கதவைத் திறந்து கூப்பிட்டார். "கொஞ்சம் உள்ள வாம்மா. அப்பா ஒண்ணு சொல்லணும்." அவர் குரலில் என்ன இருந்ததோ, மகள் நின்று பார்த்தாள். பிறகு வந்தாள். விரிப்புகளுக்குப் பக்கத்தில், எப்போதும் தான் உட்காரும் இடத்துக்கு ஓரடி தள்ளி நின்றாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"என்னப்பா?"

"அன்னிக்கு உங்கம்மா," என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

அப்போது எந்திரம் கடைசிச் சுற்றுக்கு வேகமெடுத்தது. தரை அதிர்ந்தது, காலியான ஹேங்கர்களெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். மகளும் அந்தக் கடையில் வளர்ந்தவள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். மனைவி கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் ஒதுங்கவில்லை. மேனேஜர் பாதியில் விட்ட வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, எந்திரம் அடங்குவதற்காக நின்றார்.